வேர்க்காரியும் தூண்காரியும்

— பழப்பெட்டிய விட்டு இறங்குக்கா. யாரக் கேட்டு என் நிலத்துல ஏறி நிக்கிற?

— நிலம் உன்னுது, கல்தூணு உன்னுது. அது மேல தொங்குற திராட்சைக் குலை என்னுது. வேர் யார் பக்கமோ அவளுக்குப் பழம், தூண்காரிக்கு நிழல். சல்னேஸ்ல பொறந்து வளந்தவளுக்கு இத நான் வேற சொல்லணுமா, பல்பீனா?

— பழத்த யாரு கேட்டா? தாராளமாப் பறிச்சுக்க. திங்கக்கிழமை காலையில டிராக்டர் வருது. பந்தல் தூணு பதினாறையும் பிடுங்கப் போறேன். அத ஒரு வார்த்த சொல்லத்தான் வந்தேன்.

— பதினோரு வருஷமா வாயத் தெறக்காதவ, தெறந்ததும் நல்ல சேதியாத்தான் சொல்ற. தூணு போனா கொடி எதுல படரும்?

— தரையில படரட்டும்.

— அல்பரீன்யோ திராட்சையத் தரையில விட்டா என்ன ஆகும்னு கேட்டுக்க. கடல் ஈரம் ஏறி ஒரே வாரத்துல பூஞ்சணம் பூத்துரும். ஆள் ஒசரத்துக்குப் பந்தல் போட்டதே அடியில காத்து ஓடணும்னுதான்.

— எனக்கே பாடமா? சும்மா இருக்கா. பூஞ்சணத்துக்கு மயில்துத்தம் அடிச்சு அடிச்சு என் கையும் ஒரு காலத்துல நீலமாத்தான் கெடந்துச்சு. ஒயின் ஆலைக்காரன் புதுக்கொடி நட்டுக் கம்பி வரிசையாப் போடச் சொல்றான். டிராக்டர் உள்ள வந்து போகணுமாம். உன் கொடி நிழல்ல எனக்கு வெளஞ்சதெல்லாம் சோகை புடிச்ச முட்டைக்கோசு. அத எத்தன வருஷந்தான் சூப்பு வச்சுக் குடிக்கிறது?

— ஆறே ஆறு தூண விட்டு வை. தாய்க்கிளைய அதுல ஏத்திக் கட்டிக்கிறேன்.

— ஒண்ணக்கூட விட மாட்டேன்.

— அப்ப நானும் இறங்க மாட்டேன். திங்கக்கிழமையும் இங்கனதான் நிப்பேன். தூணப் பிடுங்குறவன் இந்த டோசிந்தாவையும் சேத்துப் பிடுங்கிட்டுப் போகட்டும். கேட்டுக்க, நான் கல்லவிடக் கனம்.

— நிப்ப. நீ நிக்கிறவதான். அப்பா நிலத்தப் பிரிச்சப்ப உனக்குச் சீட்டுல வேர் விழுந்துச்சு, எனக்குக் கல்லு விழுந்துச்சு. இப்ப என் கல்லு பேசுது.

— விழல.

— என்ன விழல?

— வேர் எனக்கு விழல. நானா எடுத்தேன். அப்பா வேர் இருக்குற மேல்துண்டு, கீழ்த்துண்டுன்னு ரெண்டு சீட்டு எழுதித் தொப்பியில போட்டு நீட்டினாரே, இளையவ மொதல்ல எடுக்கட்டும்னு. நான் உன்ன இடிச்சுத் தள்ளிட்டுக் கைய விட்டேன். ஒரு சீட்டுல முனை கிள்ளியிருந்துச்சு. செல்ல மக உனக்கு வேர் போகட்டும்னு அப்பா அடையாளம் வச்சிருக்காருன்னு தொட்டதுமே புரிஞ்சு போச்சு. அதையே எடுத்தேன்.

— தெரிஞ்சேவா?

— தெரிஞ்சேதான். வெக்கமெல்லாம் படல. அப்பாவுக்கு முட்டி தேஞ்ச நாள்லருந்து எட்டு வருஷம் ஏணி வச்சு ஏறி அந்தக் கொடிக்குக் கவாத்து பண்ணினது நான். அதுக்குக் கூலி வெறும் கல்லா? வேரப் புடிச்சுட்டா எல்லாம் நம்ம கையிலன்னு நெனச்சேன். தூணு எவ பக்கம் நிக்குதுன்னு பாக்கல, மடச்சி. நான் பண்ணின தப்பு அது ஒண்ணுதான். நியாயம் இப்ப உன் பக்கம், போய் டிராக்டரக் கூட்டிட்டு வா. நான் இறங்க மாட்டேன்.

— முனை கிள்ளின சீட்டா?

— ஆமாடி, அதேதான். திட்டுறதுன்னா திட்டித் தொல. கடல் பக்கம் மழை கறுத்து நிக்குது, எனக்கு இன்னும் பாதிப் பந்தல் கெடக்கு.

— எந்த ஆறு தூணு வேணும்? கையக் காட்டு.

— என்ன திடீர்னு?

— செத்த மனுஷன் மேல பழி போடாதக்கா. முனையக் கிள்ளினது அப்பா இல்ல, நான். அவரு பேனாவ மூடி வைக்கிற நேரத்துல, எனக்கு நானே எடுத்துக்கலாம்னு கிள்ளினேன். நீ முந்திக்கிட்ட. உன்னத் திருடின்னு கூப்புட வாயில்லாமத்தான் பதினோரு வருஷமாப் பேசாம இருந்தேன்.