இன்னும் ரெண்டே பேர்

— இறங்காதீங்கம்மா, இறங்காதீங்க. இன்னும் ரெண்டே பேருதான். ரெண்டு தலை ஏறிச்சுன்னா வண்டி பறந்துடும்.

— இதையேதான் டிரைவரண்ணே நான் ஏறும்போதும் சொன்னீங்க. அப்ப அந்தப் பக்கம் இருந்த வெயில் இப்ப என் மடிக்கே வந்தாச்சு.

— இவன் பேச்சை விடு கண்ணு. பறந்துடும் பறந்துடும்னு இவன் சொன்ன சொல்லுக்கு இந்நேரம் வேனுக்கு இறக்கை முளைச்சிருக்கணும். நீ உட்காரு. புள்ளையை இப்படிக் குடு, என் மடியில போட்டுக்கறேன். பாவம், கண்ணு சொருகுது.

— ஐயோ, படுக்க வைக்காதீங்கக்கா! தூங்கவும் விடக் கூடாது.

— இதென்னடி கூத்து! மூணு வயசுகூட இருக்காது, தூங்கக் கூடாதுன்னு எந்த மகராசி சொன்னா?

— ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னாங்க.

— எந்த நர்ஸு? மருந்துக்கடை மாடியில புருஷன் இல்லாம தனியா இருக்கே, அதா? எனக்கென்ன வந்துச்சு, சும்மா கேட்டேன். புள்ளைக்கு என்ன?

— மூக்குல மணியைப் போட்டுக்கிட்டான்.

— என்ன மணி?

— பாசிமணி. நாத்தனார் கழுத்துல கிடந்த மாலை அறுந்து வீடெல்லாம் உருண்டுச்சு. எல்லாரும் உட்கார்ந்து பொறுக்கினோம். இவனும் கூடமாட பொறுக்கினான். ஒண்ணை மட்டும் மூக்குல வச்சுட்டான்.

— சமத்து! காணாமப் போகக் கூடாதுன்னு பத்திரப்படுத்தியிருக்கான்.

— சிரிக்காதீங்கக்கா. நாத்தனார் ஹேர்பின்னை விட்டு எடுக்கறேன்னு நோண்டி இன்னும் மேல ஏத்திட்டாங்க. நர்ஸம்மா பாத்துட்டு, இது எங்ககிட்ட நடக்காது, டவுனு ஆஸ்பத்திரியில மூக்கு டாக்டர் இன்னைக்கு வருவாரு, அவருகிட்ட ஓடுன்னாங்க. மதியச் சாப்பாட்டுக்கு எந்திரிச்சாருன்னா அடுத்த வாரம்தானாம்.

— அதுக்கும் தூங்கறதுக்கும் என்ன சம்பந்தம்?

— மல்லாந்து தூங்கினாலோ, அழுது இழுத்து மூச்சு விட்டாலோ, மணி மூச்சுக்குழாய்ல இறங்கிடலாமாம். இறங்கிட்டா எங்க கையில இல்லைன்னுட்டாங்க.

— அடக் கடவுளே.

— அம்மா, வண்டி ஓடலை.

— ஓடும்டா தங்கம். இதோ, ஓடப் போகுது. எங்க, அம்மாவைப் பாரு. கண்ணை மூடக் கூடாது. வெளியில அந்த மாமா என்ன விக்கிறாரு, சொல்லு?

— சீப்பு.

— என்ன கலர் சீப்பு?

— நிறைய கலர்.

— ஆமா, அந்த ஆளும் காலையிலேர்ந்து அதே சீப்பைத்தான் ஆட்டிக்கிட்டு நிக்கறான். தலையில ஒத்த முடி கிடையாது, சீப்பு விக்க வந்துட்டான். ஏன் கண்ணு, கூட நாத்தனார் வரலை?

— அவங்களுக்குத் தலைவலின்னு படுத்துட்டாங்க.

— அதானே. ஏத்திவிட்டவளுக்குத் தலைவலி, பெத்தவளுக்கு வேன்ல வேக்காடு. உன் வீட்டுக்காரரு?

— கட்டட வேலை. சாரத்து மேல நிக்கும்போது போனைக் கீழே வச்சுடுவாரு. நாலு தடவை அடிச்சேன்.

— சொல்லாமயே கிளம்பிட்டியா? மாமியா ஒண்ணும் சொல்லலையா?

— புள்ளையைப் பாத்துக்கத் தெரியலைன்னு சொன்னாங்க.

— அது எல்லா மாமியாளும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கற வரிதான், விடு. என் மாமியா சாகற வரைக்கும் சொன்னா. நான் அஞ்சு பெத்து அஞ்சையும் ஆளாக்கினேன். இந்தத் தண்ணியில அவன் உதட்டை லேசா நனை. உறிஞ்ச விடாதே.

— நீங்களும் டவுனுக்குத்தானேக்கா?

— நானா? எனக்கு ஆயிரம் ஜோலி. என் கதை எதுக்கு இப்ப. அந்தா, ஒரு ஆளு வர்றாரு பாரு, கையில சூட்கேஸோட.

— வாங்க சார், வாங்க! டவுனு, டவுனு! முன் சீட்டே இருக்கு சார். நிறைஞ்சாச்சு, இன்னும் ரெண்டே பேரு.

— அண்ணே, ரெண்டு பேருன்னீங்க, அவரு ஏறியாச்சு. இனி ஒருத்தர்தானே?

— அது வந்தும்மா, கடைசி சீட்டுத் தம்பி டீ குடிக்க இறங்கியிருக்கான். அவனைச் சேத்து ரெண்டு.

— அவரைக் கூப்பிடுங்களேன்! டீக்கடை இங்கதானே இருக்கு?

— குடிக்கட்டும்மா. அவனும் மனுஷன்தானே.

— அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாரு.

— டேய், உனக்குப் புள்ளகுட்டி இல்ல? வண்டியை எடுத்துத் தொலைச்சா என்ன?

— யக்கா, உனக்குத் தெரியாததா? நீயே இப்படிப் பேசினா எப்படி?

— எனக்கு என்ன தெரியும்? எனக்கு ஒண்ணும் தெரியாது. போடா.

— பாத்தீங்களா, இஞ்சினைப் போட்டுட்டாரு! கிளம்பப் போறாரு. கண்ணா, எந்திரி எந்திரி, வண்டி ஓடுது பாரு!

— டுர்ர்ர்.

— ஆமாடா, டுர்ர்ர். ஏன்க்கா, கொஞ்சம் முன்னாடி போயி திரும்பப் பின்னாடியே வர்றாரு?

— எல்லாரும் கிளம்பிடுச்சுன்னு நினைச்சு ஓடி வந்து ஏறுவாங்கன்னு.

— நிறுத்திட்டாரேக்கா.

— நிறுத்துவான். ரெண்டு தடவை முன்ன பின்ன ஆட்டுவான். தொட்டில்ல போட்டு ஆட்டற மாதிரி நம்மளை ஆட்டறான். மூணாவது தடவைதான் போவான்.

— உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே.

— வயசாச்சுல்ல. நாலு வண்டி பாத்தவ.

— அக்கா, அங்க பாருங்க, கவர்மெண்டு பஸ்ஸு! மெயின் ரோட்டுல நிக்குது. டவுனு போர்டுதானே அது? சூட்கேஸ்காரரு இறங்கி ஓடறாரு பாருங்க. நானும் போறேன். பையை எடுங்க, காலை நகத்துங்கக்கா.

— அட இரு. எங்க ஓடற? அதுல மூட்டை மாதிரி ஆளு அடைச்சிருக்கு. ஒத்தைக் கால்ல தொங்கிட்டு வர்றாங்க. புள்ளையை நெரிச்சு, அவன் அழுது, மூச்சை இழுத்தான்னா?

— நின்னுக்கிட்டே போறேன். தோள்லயே வச்சுக்கறேன்.

— ஊர் ஊரா நின்னு நின்னு போற வண்டி கண்ணு அது. நீ போய் இறங்கறப்போ டாக்டரு கையைக் கழுவியிருப்பாரு. இது நேர் வண்டி. நான் உட்கார்ந்திருக்கேனா இல்லையா? ஏதோ அவசரம் இல்லாமயா நானும் இந்த வேக்காட்டுல உட்கார்ந்திருக்கேன்?

— சத்தியமா இது முன்னாடி போயிடுமாக்கா?

— சொல்றேன்ல. உட்காரு.

— சரி, நீங்க சொல்றீங்கன்னு உட்கார்றேன். அய்யோ, எடுத்துட்டான். பஸ்ஸு போயிடுச்சு.

— போகட்டும்.

— சூட்கேஸ்காரரு ஏறிட்டாரு. படியிலதான் நிக்கறாரு. ஆனா ஏறிட்டாரு.

— அம்மா, நானு பஸ்ஸு.

— நாம இந்த வண்டியில போலாம்டா. ஜன்னல் இருக்கு, அக்கா இருக்காங்க. கண்ணை மூடாதே. டேய். டேய் கண்ணா! அக்கா, தலை சாயுது!

— கன்னத்துல தட்டு. முகத்துல தண்ணி தெளி. டேய் ராசா, இங்க பாரு, இந்தக் கிழவி மூக்கைப் பிடி பாப்போம். பிடிடா. அப்படித்தான். நல்லா பிடி. ஆ, வலிக்குது!

— ஹி ஹி.

— சிரிச்சுட்டான்! பாத்தியா, என் மூஞ்சியைப் பாத்தா யாருக்கும் தூக்கம் வராது. என் வீட்டுக்காரரே முப்பது வருஷம் முழிச்சுக்கிட்டுதான் இருந்தாரு.

— நீங்க இல்லைன்னா என்ன பண்ணியிருப்பேனோ. ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வர்றீங்களாக்கா? இவனை அமுக்கிப் பிடிக்க ஒரு ஆளு வேணும்னு சொன்னாங்க. எனக்கு யாரும் இல்ல.

— நானா?

— உங்க ஜோலியை அப்புறம் பாத்துக்கக் கூடாதா? கொஞ்ச நேரம்தான்.

— வெயிலு மூஞ்சியில அடிக்குது. அந்தத் திரையை இழுத்து விடு.

— வர மாட்டீங்களா?

— நான் வரமாட்டேன்னா சொன்னேன்? நீ ஏன் என்னைப் போய் கேக்கற? இத்தனை பேரு இருக்காங்கல்ல.

— மத்தவங்க யாரும் திரும்பிக்கூடப் பாக்கலையே. அந்தக் காக்கிச் சட்டைக்காரரு காலையிலேர்ந்து ஒரு சொட்டு அவசரப்படலை. பின்னாடி ரெண்டு பொண்ணுங்க பேன் பாத்துக்கிட்டு இருக்குங்க. இவங்களுக்கெல்லாம் ஊர் போய்ச் சேர வேண்டாமா?

— அவங்கவங்க பாடு அவங்கவங்களுக்கு.

— அம்மா, மூக்கு வலிக்கி.

— தேய்க்காதடா! தேய்க்காத கண்ணா. கையைக் குடு. அழாதே, அழாதே, ஐயோ அழ ஆரம்பிக்கறான். அக்கா, இழுக்கறான் பாருங்க, மூச்சை இழுக்கறான்!

— நேரா நிமித்து! வாயால ஊதச் சொல்லு. ஊதுடா ராசா, என் கையில ஊது. ஃபூ. ஃபூ. இன்னும். அவ்வளவுதான். அவ்வளவுதான்.

— ஃபூ.

— விசில் சத்தம் கேக்குதுக்கா, மூக்குல. முன்ன இல்ல. மணி நகர்ந்திருக்கு. அண்ணே! டிரைவரண்ணே! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், எடுங்க!

— அம்மா, நானும் கேக்கறேன்ல, இன்னும் ரெண்டே பேரும்மா. வழியில ஏத்திக்கற உரிமை நமக்குக் கிடையாது. இங்கேயே நிறையணும். அதான் ஸ்டாண்டு முறை.

— யாரும் வர வேண்டாம். அந்த ரெண்டு சீட்டும் எனக்கே குடுங்க. என் கம்மலைக் கழட்டித் தர்றேன். இந்தாங்க, பிடிங்க. ரெண்டு சீட்டும் நிறைஞ்சுடுச்சு. இப்ப எடுங்க.

— அது, அதெல்லாம் வேண்டாம்மா.

— ஏன் வேண்டாம்? பித்தளை இல்லண்ணே, தங்கம்தான்.

— தங்கம்தாம்மா. ஆனா நான் எப்படி, கணக்கு அப்படி வராதும்மா. யக்கா, நீ கொஞ்சம் சொல்லேன்.

— என்ன கணக்கு வராது? ரெண்டு பேருன்னு நீங்கதானே சொன்னீங்க? ரெண்டுக்கும் நானே தர்றேன்னா இன்னும் என்ன வேணும்? ஏன் எல்லாரும் தலையைக் குனியறீங்க? அக்கா, நீங்களாவது என்னைப் பாருங்க. நீங்க ஏன் அழறீங்க?

— கம்மலைக் காதுல மாட்டு கண்ணு. புள்ளையைத் தூக்கிக்கிட்டு இறங்கி, ரோட்டுல எந்த வண்டி வந்தாலும் குறுக்க விழுந்து மறி. இதுல காலியா இருக்கறது ரெண்டு சீட்டு இல்ல. நாங்க எல்லாருமே வண்டி நிறைஞ்ச மாதிரி தெரியறதுக்குக் கூலிக்கு உட்கார்ந்திருக்கறவங்க, ஊருக்குப் போறவ நீ ஒருத்திதான்.