இரண்டு நட்சத்திரம் கொடுத்தவள்

எங்கள் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் உடுப்புத் தோய்க்கக் கூடாது. அது நல்ல விதி என்றே நினைக்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது, தோய்க்கும் இயந்திரங்கள் இருக்கும் நிலக்கீழ்த் தளமான கெல்லர் அமைதியாக இருக்கும்.

கேட்டதற்கெல்லாம் வாயால் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதித் தரலாமா என்று கேட்டேன். விசாரணை அதிகாரி சம்மதித்தார். மொழிபெயர்க்கும் பரமேஸ்வரி அக்காவிடம் ஒரு வேண்டுகோள்: நான் எழுதுவதை அழகாக்க வேண்டாம்.

என் பெயர் சிவகலா. வயது இருபத்தொன்பது. யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்துப் பட்டம் பெற்றவள். இங்கே சுவிஸின் வில் நகரில், ஓர் உணவுத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் ஆறு வருடமாகக் குடுவைகள் கழுவுகிறேன். என்னை இங்கே கூப்பிட்ட அண்ணன் கனடாவுக்குப் போய்விட்டார். சில கிழமைகளில் வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலைவரை நான் ஒரு சொல்லும் பேசுவதில்லை. திங்களன்று காலை வணக்கமாக "குட்டன் மோர்கன்" சொல்லும்போது தொண்டை கரகரக்கும்.

வேணுகா இரண்டாம் மாடியில் இருந்தாள். இருபத்து நான்கு வயது. இங்கேயே பிறந்து, சிறுபிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் பயிற்சி முடித்தவள். ஒரு நாள் படிக்கட்டில் என்னை மறித்து, "அக்கா, உங்கட வீட்டில இருந்து ஒரே அலறல் கேக்குது. ஆரையும் வெட்டுறீங்களோ?" என்று கேட்டாள். திகில் படம் என்றேன். "அப்ப நானும் வாறன்" என்றாள். அதன்பின் இரண்டு குளிர்காலம், ஒவ்வொரு ஞாயிறும் பகல் ஒரு மணிக்கு வந்தாள். இஞ்சித் தேநீரைச் சூடாறாத போத்தலில் ஊற்றி மேசையில் வைப்பேன். குசினிக்கும் இருக்கைக்கும் மூன்று மீற்றர்தான், இதற்குப் போத்தல் எதற்கு என்று சிரிப்பாள்.

படம் முடிந்து அவள் போனபின், அதைப் பற்றிப் பார்வையாளர்கள் எழுதிய கருத்துகளை இணையத்தில் வாசிப்பேன். நானும் எழுதுவேன். முகம் தெரியாதவர்களோடு எனக்குக் கதைக்க முடிகிறது.

அந்தப் படத்தின் பெயர் உங்கள் கோப்பில் இருக்கிறது. குறைந்த செலவில் எடுத்த பிரித்தானியப் படம். கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் நான்கு பேர் போகிறார்கள், கதவு மூடிக்கொள்கிறது. நல்ல படம் இல்லை. எல்லா நடைபாதையும் ஒரே நடைபாதை, சுவரில் இருந்த அதே கறையை ஆறு காட்சிகளில் பார்த்தேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். விளக்குத்தான் நன்றாக நடித்தது, அதுவும் இருபதாம் நிமிடத்தில் செத்துவிட்டது என்றார் இன்னொருவர். அகப்பட்ட பெண் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கத்துவதை நிறுத்திவிடுகிறாளே, யார் நம்புவார்கள் என்று பலர் கேட்டிருந்தார்கள்.

நான் நம்பினேன். விளக்கமாக எழுதினேன். மூடிய அறையில் முதலில் பிரச்சினையாவது ஒட்சிசன் குறைவது இல்லை, மூச்சில் வெளியேறும் காபனீரொட்சைட்டு என்று கணக்கோடு எழுதினேன். ஒருவருக்கும் அது பயன்படவில்லை என்று பக்கத்தில் காட்டியது.

அதற்குக் கீழே ஜெர்மன் மொழியில் ஒரு கருத்து இருந்தது. மனப்பாடமாக இருக்கிறது. "படத்தைப் பொறுத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவரைத்தான் முடியவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் விளக்கம், கொங்கிறீட்டுக்கும் காற்றுக்கும் விரிவுரை. பாவம் பார்த்து ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். மூன்று மீற்றர் தூரத்துக்குப் போத்தலில் தேநீர் வரும். வெளியே வந்தபோது நான்தான் நிலத்துக்கடியில் இருந்து தப்பியதுபோல் இருந்தது. இரண்டு நட்சத்திரம், இரண்டும் படத்துக்கு." நாற்பத்து மூன்று பேர் அதைப் பயனுள்ளது என்று குறித்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் அறிவியல் படிக்காதவள். கருத்துகள் மாறக் கூடியவை.

அடுத்த ஞாயிறு அவள் வந்து, கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, தூரத்து நகரமான சோலோதுர்னில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். மாலையே வீடு பார்க்கப் போகிறாள், இரவு அங்கேதான் தங்கல். ஓர்லிகோனில் இருக்கும் தாய்க்கும் அப்படியே சொல்லியிருந்தாள். யாரும் அவளைத் தேடாததற்கு அதுதான் காரணம்.

"சாமான் கட்டப் பெட்டி கிடக்குதோ அக்கா?"

"ஓம், கெல்லரில கிடக்குது. வாரும், எடுப்பம்."

"படம் போட மாட்டியள்தானே கெல்லரில?"

இல்லை என்றேன்.

கெல்லரில் இருக்கும் எங்கள் பாதுகாப்பறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். போர் வந்தால் ஒளிவதற்குக் கட்டியது, இப்போது எல்லோரும் பனிச்சறுக்குப் பலகையும் பழைய அலுமாரியும் வைத்திருக்கிறார்கள். அவசர வழியின் வாயில் மூன்று அலுமாரிகள் நிற்கின்றன. அவற்றை நான் வைக்கவில்லை. கொங்கிறீட்டுக் கதவு, வெளியே ஒரு பிடி, உள்ளே ஒரு பிடி. அவள் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கதவை மூடினேன். உட்பிடி திரும்பாதபடி வெளிப்பிடியைச் சைக்கிள் பூட்டால் குழாயோடு பிணைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பூட்டு ஏன் என்னிடம் இருந்தது என்று கேட்டீர்கள். சனிக்கிழமையே கழற்றிக் கெல்லரில் வைத்திருந்தேன்.

அவளுக்குத் தீங்கு செய்யும் எண்ணம் இல்லை. அறை நாற்பத்தாறு கன மீற்றர். ஒருவர் விடும் மூச்சால் அதில் காபனீரொட்சைட்டு மூன்று சதவீதமாக உயர இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். எண்பத்தேழு நிமிடம், படத்தின் நீளம், அவ்வளவு நேரம்தான் வைத்திருக்க நினைத்தேன். விளக்கின் சுவிட்ச் வெளியே இருக்கிறது. இருபதாம் நிமிடத்தில் அணைத்தேன்.

விசாரணையின் முதல் நாள் கதவு தானாக இறுகியது என்றேன். இரண்டாம் நாள், மேலே போய்த் தூங்கிவிட்டேன் என்றேன். மூன்றரை மணிக்குக் கீழே என் குரலைக் கேட்டதாக அம்மான் என்ற சுவிஸ் குடும்பப் பெயர் கொண்ட முதலாம் மாடி அம்மையார் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதுதான் சரி. நான் மேலே போகவில்லை. கதவருகில் ஒரு பெட்டியில் உட்கார்ந்திருந்தேன். காற்றுக் குழாய்வழியே எல்லாம் கேட்டது.

முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு தட்டினாள். அம்மான் அம்மையார் படிக்கட்டில் நின்று, இன்று ஞாயிறு, தயவுசெய்து என்று சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் போய்விட்டார். மறுநாள் தோய்க்கும் அறைக் கதவில் சத்தம் பற்றி அவர் ஒட்டியிருந்த சீட்டும் உங்களிடம் இருக்கிறது. மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்.

குழாயருகில் போய், "வேணுகா, சத்தம் போடாதையும், ஆக்கள் முறைப்பாடு செய்யினம்" என்றேன். அவள் தட்டுவதை நிறுத்தினாள். இங்கே பிறந்த பிள்ளை, விதிகள் தெரியும் என்று நினைத்தேன்.

அதன்பின் நாங்கள் கதைத்தோம். இரண்டு வருடத்தில் அப்படி ஒருநாளும் கதைத்ததில்லை. கருத்தை வாசித்தேன் என்று சொன்னேன். அது சும்மா விளையாட்டுக்கு எழுதியது, மாற்றிவிடுகிறேன் என்றாள். காற்றைப் பற்றி நான் சொல்வது எப்போதும் பிடிக்கும் என்றாள். அதனால் முழுவதும் விளக்கினேன். இடையில் பேசாமல் கேட்டாள். எண்பத்தேழாம் நிமிடம் வந்தது தெரியும். மணிக்கூட்டைப் பார்த்தேன். கதை பாதியில் இருந்தது, அதனால் எழும்பவில்லை.

அவளுக்கு இழுப்பு, ஆஸ்துமா, இருப்பது எனக்குத் தெரியும். இன்ஹேலரும் கைப்பேசியும் மேலே கைப்பையில் இருப்பதும் தெரியும். நாலரை மணிக்கு அவள் மூச்சு விசில்போல் இழுப்பது குழாயில் கேட்டது. "அக்கா, பம்ப், பம்ப்" என்றாள். பம்ப்பைக் கொடுக்க வேண்டுமென்றால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் போய்விடுவாள். நான் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணியளவில் சத்தம் இல்லை. தூங்குகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேலே போனேன். கைப்பை கதிரையிலிருந்து சரிந்திருந்தது. விழாமல் நிமிர்த்தி வைத்தேன்.

திங்கட்கிழமை தோய்க்கும் முறை என்னுடையது. ஆறு மணிக்குப் போய்த் திறந்தேன். குழாய்க்குக் கீழே, வாயை அதன் பக்கம் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நானேதான் அம்புலன்ஸ் எண் 144க்கு அழைத்தேன். தொண்டை கரகரக்கவில்லை.

அறையில் காற்றுப் போதுமான அளவு இருந்தது என்று உங்கள் மருத்துவர் எழுதியிருப்பதாகப் பரமேஸ்வரி அக்கா வாசித்துச் சொன்னார். என் கணக்குச் சரி. பூட்டியதும் விளக்கை அணைத்ததும் மூச்சுத் திணறுவதைக் கேட்டுக்கொண்டிருந்ததும் நான்தான். வேறு யாருக்கும் பங்கில்லை. கையெழுத்து வைக்கிறேன்.

ஆனால் அறிக்கையில் ஓர் இடத்தைத் திருத்த வேண்டும். இறந்தவர் வில்லை விட்டுப் போகவிருந்தார், என்னுடனான தொடர்பை நிறுத்தவிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. சோலோதுர்னுக்குப் போகவில்லை, இனி ஒவ்வொரு ஞாயிறும் உங்களிடமே வருவேன் அக்கா என்று அன்று நாலு மணிக்கு அவளே சொன்னாள். மூன்று தடவை சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை.