வாத்தியார் மிதித்த பிரேக்

எங்க மாமியார்தான் தம்பி இதை எனக்கு முதல்ல சொன்னாங்க. நான் கல்யாணமாகி வந்த மறு வாரம். ரெண்டு பேரும் உக்காந்து துணி மடிச்சுக்கிட்டிருந்தோம். "இங்க பாரும்மா, இந்த வீட்டு ஆம்பளைங்க ஓட்டற வண்டியில ஏறிட்டேன்னா, யார் இறங்கச் சொன்னாலும் இறங்காதே"ன்னாங்க. ஏன் அத்தைன்னேன். அவங்க ஒரு தடவை இறங்கினாங்களாம். அப்பனும் ரெண்டு பிள்ளைங்களும் வண்டிக்குள்ள சண்டை, கியர் மாத்தினது சீக்கிரமா லேட்டான்னு. இவங்க ஒரு பாட்டில் தண்ணி வாங்க இறங்கியிருக்காங்க. அவங்க சண்டை போட்டுக்கிட்டே கெளம்பிப் போயிட்டாங்க! வீட்டுக்குப் போய், தட்டு வச்சுக்கிட்டு உக்காந்து, சோறு போட ஆளக் காணமேன்னு பாத்தப்பத்தான்... ஆங், அப்பத்தான் ஞாபகமே வந்துச்சாம்.

அதனால நீங்க "அம்மா கொஞ்சம் இறங்குங்க, அம்மா கொஞ்சம் இறங்குங்க"ன்னு எத்தனை தடவை சொன்னாலும் நான் இறங்கறதா இல்ல. கோவிச்சுக்காதீங்க மெக்கானிக் தம்பி. நீங்க பாட்டுக்கு முன்னாடி பாருங்க. மூடியத் தெறந்து பாருங்க. சக்கரத்தப் பாருங்க. பின்சீட்டுல என்ன இருக்கு? நான்தான் இருக்கேன்.

அதோ எதிர்க்கடையில டீ குடிக்கிறாங்களே, அவங்கதான். ஒசரமா நிமிந்து உக்காந்திருக்கறது எங்க வீட்டுக்காரர். தொப்பையத் தடவிக்கிட்டிருக்கறது என் கொழுந்தனார். ஒரே பெஞ்சு, பாத்தீங்களா? நடுவுல ஒரு ஆள் உக்கார்ற எடம்கூட இல்ல. நல்லாப் பாருங்க தம்பி! என் சின்ன மக பள்ளிக்கூடம் சேந்த வருஷத்துலேர்ந்து இந்த ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கெடையாது. இப்ப அவ பிள்ளை பள்ளிக்கூடம் போகுது. நான் தெனம் காலையில வெளக்கு முன்னாடி உக்காந்து கேக்கறது இந்த ஒண்ணத்தான். வீடு வேணும் நகை வேணும்னு கேட்டிருப்பேனா? இந்தப் பெஞ்சு நெலைக்கணும். அவ்வளவுதான்.

என்ன? பிரேக்கா? ஆமா, பிரேக்குதான் புடிச்சுக்கிச்சு. விட மாட்டேங்குது. ஆமா, இது டிரைவிங் ஸ்கூல் வண்டிதான், அதான் முன்னாடி ரெண்டு பக்கமும் பிரேக்கு, ரெண்டு பக்கமும் கிளட்ச்சு. கத்துக்கறவங்களுக்கு ஒண்ணு, வாத்தியாருக்கு ஒண்ணு. எங்க மாமனார் வண்டி. ஊருல எல்லாரும் அவர வாத்தியார்னுதான் கூப்பிடுவாங்க. பொண்ணு வீட்டுக்கு இந்த வண்டியிலதான் போனாரு, போன எடத்துல தூக்கத்துலயே... நல்ல சாவு, கடவுள் குடுத்தது. நாங்க ரயில்ல ஓடினோம். எல்லாம் முடிஞ்சு கெளம்பறப்ப நாத்தனார் சாவியத் தூக்கி நடுக்கூடத்துல போட்டுட்டா. "என் வாசல அடைச்சுக்கிட்டு நிக்குது, யாராவது எடுத்துட்டுப் போங்க"ன்னு. ரெண்டு பேரும் ஒண்ணா குனிஞ்சாங்க. மண்ட முட்டிக்கிச்சு. யாரும் 'ஸ்'னு கூடச் சொல்லல. அவ்வளவு ரோஷம்!

சண்டை என்னத்துக்குன்னு கேக்கறீங்க. கேக்கலையா? சரி, சொல்றேன், கேளுங்க. ஒரு பிரேக்குக்குத்தான் தம்பி! அப்ப ரெண்டு பேரும் அப்பாகிட்டத்தான் வேல. இதே வண்டிதான். கொழுந்தனார் ஓட்டறாரு, எங்க வீட்டுக்காரர் வாத்தியார் சீட்டுல, மாமனார் பின்னாடி உக்காந்து, மகன் எப்படிச் சொல்லிக் குடுக்கறான்னு பாக்கறாரு. நாலு ரோடு சேர்ற எடம். பச்சை வெளக்கு. வண்டி போய்க்கிட்டே இருந்தது, சடக்குனு நின்னுடுச்சு. பின்னாடி வந்தது முட்டை ஏத்தின வேன். அப்புறம் நான் சொல்லணுமா? ரோடெல்லாம் மஞ்சளு. ஒரு போலீஸ்காரர் விசில ஊதிக்கிட்டே வழுக்கி அந்தப் பக்கம் போயிட்டாராம்.

"நீதான் மிதிச்சே." "நான் மிதிக்கல, நீதான் மிதிச்சே." இதுதான். இதே ரெண்டு வாக்கியம். ஒரு மாசம் பேசினாங்க, அப்புறம் பேசறதையே விட்டுட்டாங்க. கொழுந்தனார் வெளிய போய், அதே தெருவுல, எதுத்தாப்புல, தனியா ஒரு டிரைவிங் ஸ்கூல் வச்சாரு. சந்துல ரெண்டு வண்டியும் எதிரெதிரா வந்துட்டா போச்சு. யாரும் பின்னால எடுக்க மாட்டாங்க. "பொறுமைதான் மொதல் பாடம், உக்காருங்க"ன்னு கத்துக்க வந்தவங்ககிட்ட ரெண்டு பேரும் சொல்லிடுவாங்க. ஒரு பொண்ணு பாவம், லைசன்ஸே வாங்காம கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டா.

டார்ச் எதுக்கு தம்பி இப்ப? பகல்தானே. கீழ அடிக்காதீங்க, கண்ணு கூசுது.

இந்தப் பயணத்தக் கேளுங்களேன். ஒருத்தர் ஓட்டறதாம், இன்னொருத்தர் வாத்தியார் சீட்டுல உக்காந்து கண்காணிக்கறதாம், பெட்ரோல் போடற எடத்துல எடம் மாத்திக்கறதாம். இத யாரு பேசி முடிவு பண்ணினாங்கறீங்க? நான்தான். கை எட்டற தூரத்துல ரெண்டு பேரும், நடுவுல நான் தபால்காரி. "அவன்கிட்ட சொல்லு, கண்ணாடியப் பாக்கச் சொல்லு." "அண்ணி, அந்தாளுகிட்ட சொல்லுங்க, நான் பொறந்ததுலேர்ந்து கண்ணாடி பாக்கறேன்னு." "அதான் தெரியுதே, அந்த மூஞ்சியத்தானே பாத்துக்கிட்டு ஓட்டறான்னு சொல்லு." நான் என்னத்தச் சொல்ல? கடவுளே கடவுளேன்னு கண்ண மூடிக்கிட்டேன்.

ஒரு லாரி குறுக்க வந்தது பாருங்க. எங்க வீட்டுக்காரர் "டேய், அறிவிருக்காடா!"ன்னாரு. தம்பி, நேரா! நேராச் சொன்னாரு! இத்தனை வருஷத்துல அண்ணன் தம்பிகிட்டச் சொன்ன மொதல் வார்த்தை. எனக்கு சந்தோஷப்படறதா பயப்படறதான்னு தெரியல. காலு ரெண்டையும் அழுத்தி ஊணிக்கிட்டேன். வண்டி நின்னுடுச்சு.

"நீதான் மிதிச்சே." "நான் மிதிக்கல, நீதான்." அப்படியே விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிச்சாங்க தம்பி, நேத்துப் பேசி நிறுத்தின மாதிரி!

அப்புறம் நடந்தத நீங்க நம்ப மாட்டீங்க. இனிமே யாரு மிதிக்கறான்னு பாத்துடுவோம்னு, ரோடு காலியா இருந்த எடத்துல, வண்டிய மெதுவா உருட்டி விட்டுட்டு, ரெண்டு பேரும் காலத் தூக்கி சீட்டு மேல சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க. அம்பது வயசத் தாண்டினவங்க! ஸ்டியரிங்க ரெண்டு விரல்ல புடிச்சுக்கிட்டு கொழுந்தனார், கையக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்காரர். வண்டி பாட்டுக்குப் போகுது. எனக்கு உசிரே போயிடுச்சு. மறுபடியும் காலு ஊணினேன். மறுபடியும் நின்னுடுச்சு.

ரெண்டு பேரும் கால மடக்கி உக்காந்தபடியே மெதுவாத் திரும்பி என்னப் பாத்தாங்க. என்னப் பாக்கல... என் பக்கத்துல. அங்க மாமனாரோட தொப்பி, கண்ணாடி, நாத்தனார் குடுத்த துணிப்பை. அவர் எப்பவும் உக்கார்றதும் இந்தப் பின்சீட்டுலதானே. மூஞ்சி ரெண்டும் வெளுத்துப் போச்சு. "அண்ணே... அப்பாதாண்ணே மிதிக்கறாரு"ன்னு கொழுந்தனார் அழுதுட்டாரு. எங்க வீட்டுக்காரர் அவர் முதுகுல கை வச்சாரு. தட்டல, வச்சாரு. அப்படியே வச்சிருந்தாரு.

நான் என்ன தம்பி சொல்லியிருக்கணும்? நீங்களே சொல்லுங்க. அந்த நேரத்துல நான் வாயத் தெறந்து என்னத்தச் சொல்றது?

சரி. நீங்க இன்னும் டார்ச்ச கீழயேதான் அடிக்கிறீங்க. நல்ல பிள்ளை, வேலையில கெட்டி. சொல்லிடறேன். நான் இறங்கலைன்னு இல்ல தம்பி... இறங்க முடியல. என் காலு முன்சீட்டுக்கு அடியில மாட்டிக்கிச்சு. சிரிக்காதீங்க. கெளம்பறப்ப என் செருப்பு வாரு அறுந்துடுச்சு. "அண்ணி, அப்பா ஷூவப் போட்டுக்கோங்க, புதுசாத்தான் இருக்கு"ன்னு நாத்தனார் குடுத்தா. படகு மாதிரி இருந்துச்சா, கழண்டு விழாம இருக்கட்டும்னு கயித்த இறுக்கி முடிச்சுப் போட்டுக்கிட்டேன். இப்ப அந்த முடிச்சும் அவுரல, ஷூவும் வரல. காலுக்குக் கீழ விரிச்ச ரப்பர் மேட்டுக்கு அடியில ஒரு இரும்புப் பட்டை இருக்குல்ல? அதுல போய்ச் சிக்கிக்கிச்சு.

ஆமா தம்பி. அதுவும் பிரேக்குதான். மூணாவது. ரெண்டாவது தடவை நின்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. லேசா மிதிச்சுப் பாத்தேன், வண்டி லேசா அடங்குச்சு. பிள்ளைங்க வாத்தியார் வேல பாக்கறப்ப, பின்னாடி உக்காந்து அவங்களுக்கும் மேல ஒரு வாத்தியாரா இருக்கணும்னு மனுஷன் ரகசியமாச் செஞ்சு வச்சிருக்காரு! யாருகிட்டயும் சொல்லல. முட்டை வேன் வந்து மோதின அன்னைக்கும் அவர் இதே சீட்டுதான். இதே பிரேக்குதான். அவர்தான் மிதிச்சிருக்காரு.

வாய மூடிக்கிட்டு இருந்துட்டாரே! சாயங்காலமானா நிறுத்தி வச்ச வண்டியில, இந்தப் பின்சீட்டுல வந்து உக்காந்துக்குவாரு. நான் டீ கொண்டுபோய்க் குடுப்பேன். "பிள்ளைங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா"ம்பாரு. என்ன மாமாம்பேன். "ஒண்ணுமில்ல, சர்க்கரை கம்மி"ம்பாரு. இத்தனை வருஷமா சர்க்கரை கம்மின்னு சொல்லியே போய்ச் சேந்துட்டாரு.

மூணாவது தடவை வண்டி நின்னது... அது நான் தெரிஞ்சேதான் மிதிச்சேன். குரல் ஒசந்துச்சு, மிதிச்சேன், அடங்கிட்டாங்க. நாலாவதும் அப்படித்தான். கடவுள்கிட்ட அப்பப்பச் சொல்லிட்டேன். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லல தம்பி. மிதிச்சது அவர் ஷூதானே?

கடைசியா என்ன ஆச்சு தெரியுமா? கொழுந்தனார் மெதுவா ஆரம்பிச்சாரு. "அண்ணே, அன்னைக்கு நான்தான் மிதிச்சேன்."

"போடா. நான்தான் மிதிச்சேன்."

"நீ எங்க மிதிச்சே? உன் காலு மடங்கி இருந்துச்சு, நான்தான் பாத்தேனே."

"பாத்தியா? பாத்தவன் அன்னைக்கு ஏண்டா சொல்லல?"

"ஐயோ அண்ணே, நான்தான் மிதிச்சேங்கறேன்!"

"என் தம்பி மேல பழி போடாதடா!"

தம்பி மேல பழி போடாதேன்னு தம்பியவே திட்டறாரு! எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. கத்தல் ஒசந்துக்கிட்டே போச்சு. சட்டையப் புடிச்சுக்கிட்டாங்க. நானும் ஒரே மிதியா மிதிச்சேன். அதான் இப்படி நடுரோட்டுல உங்களக் கூப்பிட்டு உக்காந்திருக்கோம்.

அங்க பாருங்க, பெஞ்சுல கைய ஆட்டி ஆட்டிப் பேசறாங்களே, இப்பவும் அதே சண்டைதான். நான் மிதிச்சேன், நான் மிதிச்சேன்னு. செய்யாத தப்ப ஆளுக்கு ஆள் தன் தலையில இழுத்துப் போட்டுக்கறாங்க. இந்த நேரத்துல இந்த இரும்புப் பட்டையக் காமிச்சா? நீ ஏன் பொய் சொன்னே, நீ ஏன் பொய் சொன்னேன்னு இன்னொரு தலைமுறைக்கு ஆரம்பிச்சுடுவாங்க தம்பி! இல்லேன்னா, மண்ணுக்குள்ள போனவர ரெண்டு பேரும் சேந்து திட்டுவாங்க. நான் சொல்லிடுவேன். சத்தியமா நானே சொல்லிடுவேன். ஒரு நாள் ரெண்டு பேரையும் உக்கார வச்சு, வயிறு நெறையச் சோறு போட்டு, சொல்லுவேன். இன்னைக்கு வேணாம். இப்பத்தான் பூசின சிமெண்ட் மாதிரி, அந்தப் பெஞ்சு இன்னும் ஈரமா இருக்கு.

அம்மாடி! மெதுவா... ஆங், வந்துடுச்சு, வந்துடுச்சு! முடிச்ச வெட்டிட்டீங்களா? நல்ல காரியம். ஷூவ இப்படிக் குடுங்க, மடியில வச்சுக்கறேன். உங்க பிள்ளை குட்டி நல்லா இருக்கட்டும்.

ஐயையோ, எந்திரிச்சுட்டாங்க. வர்றாங்க பாருங்க, ரோட்டத் தாண்டறப்பக் கையப் புடிச்சுக்கிட்டு... ரெண்டு தடியனும்! தம்பி, உங்களப் பொய் சொல்லச் சொல்லல. என்ன ஆச்சுன்னு கேட்டா, ஏதோ சிக்கிக்கிட்டிருந்துச்சு, எடுத்துட்டேன்னு சொல்லுங்க. அது நெசம்தானே. எனக்காக வேற ஒண்ணும் செய்ய வேணாம்.

அந்த ரப்பர் மேட்ட மட்டும் பழையபடி விரிச்சு விட்டுடுங்க.