பாப்பா எழுந்தாச்சா

– மெதுவாப் பேசுங்க.

– மெதுவாத்தான் பேசறேன். இந்தத் தெருவுல இலை விழுந்தாக்கூடக் கேக்குது, அதுக்கு நான் என்ன பண்ண? சரி, சொல்லு. யாரோ தினமும் வர்றாங்கன்னியே, யாரு?

– மூலை வீட்டம்மா. நமக்கு முன்னாடி இந்த வீட்டுல இருந்தவங்க. நீங்க வேலைக்குப் போனதுக்கப்புறம், மத்தியானத்துல வருவாங்க. செடி வேலி ஓரமா நடந்து வந்து வாசல் கேட் பக்கத்துல நிப்பாங்க. வர்ற சத்தமே தெரியாது.

– வந்து?

– பாப்பா எழுந்தாச்சான்னு கேப்பாங்க.

– எந்தப் பாப்பா? ஓ, அவங்க பொண்ணா. எதிர்வீட்டுக்காரர் சொன்னாரு. இந்த வீட்டுல இருக்கறப்பதான் அந்தக் குழந்தை தவறிடுச்சாமே. பாவம், மனசு அங்கேயே நின்னுபோச்சு போல. சரி, நீ என்ன சொல்லுவே?

– தூங்குறா, அப்புறம் வாங்கன்னு சொல்லுவேன். தலைய ஆட்டிட்டுப் போயிடுவாங்க.

– நல்ல மனசுலதான் சொல்றே. ஆனா அவங்களுக்கும் நல்லதில்ல, உனக்கும் நல்லதில்ல. எல்லாத்தையும் மறக்கத்தானே இங்க வந்தோம்?

– மறக்க வரலைங்க. பாப்பா தூங்கணும்னுதான் இந்த வீட்டைப் பார்த்தோம். பஸ் ஸ்டாண்டுக்கு மேல அந்த மாடி வீட்டுல, ஹாரன் அடிச்சா உடம்பு தூக்கிப் போடும் அவளுக்கு. ஊர் ஓரமா, மரமா இருக்கற இடமாப் பார்க்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க.

– சொன்னேன். அவ வந்து இருக்கத்தான் குடுத்து வைக்கல. ஆஸ்பத்திரியிலேயே...

– போதும்.

– சரி. போதும். ஆமா, காலிங் பெல் ஏன் அடிக்கல? வரும்போது அழுத்திப் பார்த்தேன்.

– நான்தான் ஒயரைக் கழட்டி விட்டேன். சும்மா அலறுது.

– ஊருல இருக்கற லிஃப்டை எல்லாம் ரிப்பேர் பண்றவன் வீட்டுல பெல் அடிக்கலைன்னா சிரிக்க மாட்டாங்களா? சாயங்காலம் மாட்டிடறேன்.

– வேண்டாங்க. அப்படியே இருக்கட்டும்.

– அதோ பாரு, வெள்ளைத் தலை தெரியுது. அவங்கதானே? இன்னைக்கு நான் பேசறேன்.

– நீங்க போகாதீங்க. நான் போறேன்.

– நீ உள்ளயே இரு. மனசு நோகற மாதிரி ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

– பாருங்க, எதையும் கெடுத்துடாதீங்க.

– வணக்கம்மா.

– அட, தம்பி வீட்டுலயா இருக்கீங்க? வேலைக்குப் போகலையாப்பா?

– சீக்கிரம் வந்துட்டேன்மா. உங்ககிட்ட ஒண்ணு பேசணும். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.

– எனக்கென்ன தம்பி, சும்மா சொல்லுங்க. இப்படி நிழலுக்கு வாங்க.

– நீங்க வந்து கேக்கறப்ப எல்லாம் பாப்பா தூங்குறான்னு சொல்றாளாம். அவ இளகின மனசுக்காரி, அதான். உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது. ஆனா இந்த வீட்டுல குழந்தை இல்லம்மா.

– தெரியும் தம்பி.

– தெரியுமா?

– என் மகளை என் கையாலதான் அனுப்பி வச்சேன். எத்தனையோ வருஷமாச்சு. எனக்கு எதுவும் மறக்கல.

– அப்புறம் ஏம்மா இப்படி வந்து கேக்கறீங்க?

– நீங்க குடிவந்த புதுசுல, சௌகரியமா இருக்கீங்களான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன் தம்பி. பெல்லை அழுத்தினேன். உங்க வீட்டுக்காரி ஓடி வந்து, உதட்டுல விரலை வச்சு, இப்பதான் தூங்க வச்சேன், பாப்பா முழிச்சுக்குவான்னா. தோள்ல துண்டு. கதவு திறந்து கிடந்தது. கட்டிலைச் சுத்தித் தலகாணியா அணை கட்டி வச்சிருந்தா. நடுவுல ஒண்ணுமில்ல.

– எங்க வீட்டுலயா?

– அந்த முன்னறையிலதான்.

– நான் வர்றப்ப அப்படி எதுவும் இருக்காதேம்மா. நல்லாத்தானே சாப்பிடறா. சிரிக்கக்கூடச் செய்யறா.

– நீங்க வர்ற நேரத்துக்கு எல்லாத்தையும் எடுத்து ஒழுங்கு பண்ணிடுவா. இதே அறையில நானும் அப்படித்தான் பண்ணினேன். அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

– அவளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாமேம்மா.

– சொல்லணும்னுதான் தம்பி மறுநாள் வந்தேன். முகத்தைப் பார்த்ததும், பாப்பா எழுந்தாச்சான்னு வாய் கேட்டுடுச்சு. என் மக போனப்ப என்கிட்ட யாரும் அப்படிக் கேக்கல. வேலியை வெட்டறவங்க வேலியை வெட்டினாங்க, நாயைக் கூட்டிட்டுப் போறவங்க நாயைப் பார்த்துக்கிட்டே போனாங்க. இங்க அவ்வளவு அமைதி. ஒரு ஆள் வந்து கேட்டிருந்தா, தூங்குறான்னாவது சொல்லியிருப்பேன்.

– நான் பக்கத்துலயே இருந்தும் எனக்குத் தெரியலையே.

– ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை அழுதீங்களா?

– இல்லம்மா. நான் வேலைக்குப் போயிட்டேன். அவ முன்னாடி நான் உடைஞ்சுட்டா அவ என்ன ஆவான்னு...

– உள்ள போங்க தம்பி. ஒண்ணும் எடுத்துச் சொல்ல வேண்டாம். பக்கத்துல உக்காருங்க, போதும்.

– என்னங்க.

– அவ கூப்பிடறாம்மா. இதோ வர்றேன், என்ன?

– நீங்க பேசினதெல்லாம் கேட்டுச்சு. உள்ள வாங்க. அவங்களையும் கூட்டிட்டு வாங்க. பாப்பா முழிச்சுட்டா.