சும்மா கிடைக்கும் டிரைவர்

அன்று காஜா பேராங் பஸ் நிறுத்தத்தில் இருந்தது நான்கு பேர்: நான், ரொட்டிப் பையோடு ஒரு பெண், மடியில் பழைய கம்ப்யூட்டரை வைத்திருந்த ஒருவர், அப்போதுதான் வந்து உட்கார்ந்த அவருடைய தங்கை கணவரான மச்சான்.

“என்ன மச்சான், கம்ப்யூட்டரோட பயணம்?”

“கடைக்குத்தான். ஃபார்மெட் பண்ணிட்டேன். இந்தப் பழைய மதர்போர்டுக்கு டிரைவர் சாஃப்ட்வேர் போடணும். கடையில நாப்பது வெள்ளி கேக்கறான்.”

“அது இன்டர்நெட்ல சும்மாவே கெடைக்குமே.”

“கெடைக்கும் லா. ஆனா டிரைவர் போட்டாத்தான் இன்டர்நெட்டே வரும்!”

கம்ப்யூட்டர்காரருடைய மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றே கடைசி நாளாம். மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

“அடப்பாவி, என் வீட்டுல இன்டர்நெட் இருக்கே! அங்கேயே எறக்கிக்கலாம், வா.”

“எப்படி வர்றது? வாசல்லயே என் தங்கச்சி கடன் காச கேப்பாளே.”

“எவ்வளவு?”

பஸ் வந்தது, போனது. கம்ப்யூட்டரைக் கட்டிப்பிடித்தபடி அவர் மெல்லச் சொன்னார்.

“நாப்பது வெள்ளி.”