பாதியாய்ச் சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

அவைக்குத் தலைமை ஏற்று, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர் அவர்களே, முன்வரிசையை முழு உரிமையோடு பிடித்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, குடம் சுமந்து சுமந்து இடுப்பில் தழும்பேறிய தாய்மார்களே, உட்கார இடமில்லாமல் சுவரோரம் சாய்ந்து நிற்கும் இளைஞர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தத் தையல்காரியின் தலைதாழ்ந்த வணக்கம்.

சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. ஏன் சிரிக்கிறீர்கள்? என் கடைக்கு வருகிறவர்கள்தான் சிரிக்கிறார்கள், தெரிகிறது. சிரியுங்கள், இன்று சிரிக்க வேண்டிய நாள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு குழாய் நிற்கிறதே, அது சும்மா வந்த குழாயா? யாரோ பாவம் பார்த்துப் போட்ட பிச்சையா? இல்லை. சண்டை போட்டு வாங்கிய குழாய். முதல் சண்டையை நாம் நமக்குள்ளேதான் போட்டோம்.

நம் கிணறுகளைப் பற்றி நமக்கு எத்தனை பெருமை! விருந்தாளி வந்தால் முதலில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்போம். நிறமில்லை, மணமில்லை, அதனால் குறையுமில்லை என்று நம்பினோம். வயலில் மூட்டை மூட்டையாய்க் கொட்டிய உரம் மண்ணுக்குள் இறங்கி எங்கே போகிறது? நீங்கள் கேட்டீர்களா? நான் கேட்டேனா? ஒருவரும் கேட்கவில்லை.

கேட்க வைத்தது ஒரு கைக்குழந்தை. என் தம்பி மகள்.

தம்பி லாரி ஓட்டுகிறவன். அவன் மனைவிக்குப் பிரசவத்துக்குப் பிறகு கடும் காய்ச்சல், தாய்ப்பால் நின்றுபோனது. பிள்ளைக்குத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்த புட்டிப்பால். என் தம்பி மனைவியைப் போல ஒரு சுத்தக்காரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். புட்டியைக் கழுவும் முன் கையைக் கழுவுவாள். கையைக் கழுவும் முன் சோப்பைக் கழுவுவாள். நாமெல்லாம் ஒரு கொதி வந்ததும் தண்ணீரை இறக்குவோம். இவள் அது பாதியாய்ச் சுண்டும் வரை அடுப்பை அணைக்க மாட்டாள். பிள்ளைக்குக் கொடுக்கிற தண்ணீர் அல்லவா, காய்ச்சக் காய்ச்ச நல்லது என்று நினைத்தாள். நாங்களும் அவளை மெச்சினோம்.

ஒரு நாள் காலையில் பிள்ளையைத் தூக்கினேன். உதடு கருநீலம்.

"என்னடி, பிள்ள உதடு இப்படி இருக்கு?" என்றேன்.

"குளிரா இருக்கும் அண்ணி, போர்த்தி வச்சா சரியாயிடும்," என்றாள்.

போர்த்தினோம். மேலும் ஒரு போர்வை போர்த்தினோம். நகமும் நீலமானது. வாரிச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா எடுத்த ரத்தம் சிவப்பாக இல்லை, சாக்லேட் நிறத்தில் இருந்தது.

"எந்தத் தண்ணியில பால் கலக்குறீங்க?"

"எங்க கிணத்துத் தண்ணிதான் டாக்டர். பாதியா சுண்டக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன்."

"அதனாலதாம்மா இவ்வளவு. காய்ச்சினா கிருமி சாகும். உரத்துலேருந்து வந்த நைட்ரேட்டு சாகாது. தண்ணி சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும்."

நீலம் பாரித்த பிள்ளைக்கு நீல நிற மருந்தையே ஊசியில் ஏற்றினார்கள். கண்ணெதிரே உதடு சிவந்தது. பிள்ளை பிழைத்தாள். ஆனால் தாய்? வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்து, "என் கையாலயே கொடுத்தேனே அண்ணி," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அன்றிலிருந்து அவள் கையால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை. வாங்கிய கேன் தண்ணீரைக்கூடத் தம்பி கொடுப்பான், நான் கொடுப்பேன். அவள் திரும்பிக்கொள்வாள்.

சரி, ஊர் என்ன செய்தது? உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊர் வாயை மூடிக்கொண்டது. "எங்க கிணத்துல ஒண்ணும் இல்ல," என்றீர்கள். "வெளிய தெரிஞ்சா வாடகைக்கு யார் வருவா, பொண்ணு கேட்டு யார் வருவா?" என்றீர்கள். மானத்துக்குப் பயந்து நஞ்சைக் குடிப்போமா? மௌனம் காத்து மக்களைப் பறிகொடுப்போமா?

அப்போது இதே மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் எழுந்தவள் யார்? வாய் திறக்காத என் தம்பி மனைவி. ஒரு பாட்டில் தண்ணீரை மேசைமேல் வைத்தாள்.

"இது எங்க வீட்டுத் தண்ணி. கெட்டுப் போச்சு. அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்ல. உங்க வீட்லயும் புட்டி குடிக்கிற பிள்ளை இருக்கு. பரிசோதிச்சுப் பாருங்க," என்றாள்.

மறுநாள் பரிசோதனைக்கு ஊரே பாட்டிலோடு வரிசையில் நின்றது. முதல் ஆள் நம் டிராக்டர் அண்ணன். பரிசோதிக்க வந்த பெண் அவர் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"அண்ணே, இது கிணத்துத் தண்ணியா, பூச்சிமருந்தா?"

"பூச்சிமருந்து பாட்டில்தாம்மா. நல்லா கழுவிட்டுத்தான் ஊத்தினேன்."

வரிசையே வயிறு வலிக்கச் சிரித்தது. "பாட்டில் எங்கண்ணே இருந்துச்சு?" என்று அவள் கேட்டாள். "சமையக்கட்டுல, எண்ணெய் பாட்டில் பக்கத்துல," என்றார். சிரிப்பு நின்றுபோனது. ஏன் நின்றது? எல்லோர் வீட்டு அலமாரியும் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அன்றே வீடு வீடாய்க் கதவு திறந்தோம். ஜூஸ் பாட்டிலில் களைக்கொல்லி, தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெய், கட்டிலுக்கடியில் எலிமருந்து. இன்று அவை எல்லாம் வீட்டுக்கு வெளியே, பூட்டிய பெட்டியில். அங்கே யார் கை தூக்குவது? ஆமாம் அண்ணே, உங்களால்தான். உட்காருங்கள், உங்களுக்கும் கைதட்டுவார்கள்.

சோதனையில் கெட்டது என்று வந்த கிணறுகளுக்கு நாமே சிவப்புப் பெயிண்ட் அடித்தோம். நல்ல தண்ணீர் கேட்டு அரசு அலுவலகத்துக்குப் போனோம். "பார்க்கலாம்," என்றார்கள். மறுபடி போனோம். மறுபடியும் "பார்க்கலாம்". மூன்றாம் முறை அதே தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி, "குடிங்க சார்," என்று அதிகாரி முன்னால் வைத்தோம். வளர்ந்த ஆள், ஒரு டம்ளரால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் அவர் குடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

பிள்ளை நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்ட பிறகுதான், வயலும் உரமும் எட்டாத மேட்டில் ஆழ்துளைக் கிணறு வந்தது. பரிசோதித்தார்கள், மறுபடி பரிசோதித்தார்கள், நல்ல தண்ணீர் என்று எழுதிக் கொடுத்தார்கள். வென்றோமா? வென்றோம். யாரை வென்றோம்? நம் பயத்தை வென்றோம், நம் வெட்கத்தை வென்றோம், "நமக்கு வராது" என்ற நம் நினைப்பை வென்றோம்.

குழாயைத் தலைவர் திறப்பதாகத்தான் ஏற்பாடு. தலைவர் அவர்களே, மன்னிக்க வேண்டும். தலையாட்டிவிட்டார், பெரிய மனசு. தம்பி மனைவியே, மேடைக்கு வா. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. நீயே கூட்டி வா, தம்பி வேண்டாம்.

திற. பயப்படாதே, திற. டம்ளரைப் பிடி.

அமைதியாக இருங்கள் கொஞ்சம். டம்ளரை என்னிடம் நீட்டுகிறாள். நான் வாங்க மாட்டேன். கொடு, உன் கையாலேயே கொடு.

பிள்ளை குடித்துவிட்டாள்!

என்ன கேட்கிறாள்? மைக்கைக் கிட்டே கொண்டு வாருங்கள்.

"இன்னும் வேணும்மா."

தாய்மார்களே, பெரியோர்களே, இதற்கு மேல் நான் என்ன பேச? பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி, வரிசையில் நின்றவர்களுக்கு நன்றி, மேட்டில் துளை போட்டவர்களுக்கு நன்றி. எல்லோரும் டம்ளரோடு வாருங்கள். வணக்கம்.