கேமராவுக்கு முதுகு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ். எனக்கு முன்சீட்டில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்பிள்ளைகள்.

"நீ எங்கம்மாவா படுத்திருக்கப்ப கைய ஊண்டி எந்திரிக்கக் கூடாதுடி. எங்கம்மாவால ஏலாதுல்ல," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டே படிக்கிற பிள்ளைகள் சேர்ந்து, கல்யாண வீடியோக்காரர் ஒருவரைப் பிடித்துத் தாங்கள் படும் பாட்டைப் படமாக எடுக்கிறார்கள் என்பது போகப்போகப் புரிந்தது.

"நான் எந்திரிச்சது இருக்கட்டும். எனக்குக் கஞ்சி ஊட்டுறப்ப நீ ஏன் கேமராவுக்கு முதுகக் காட்டுற? எடுத்தப்பல்லாம் ஒன் முதுகுதான் விழுந்திருக்காம். வீடியோ அண்ணன் தலையில அடிச்சுக்கிறாரு."

"கஞ்சி வாயோரமா ஒழுகும். வாசல்ல ஆளு வந்தா அம்மாவுக்குக் கூச்சம். மறைச்சு உக்காந்தே பழகிப்போச்சு."

"அப்பப் படம் எதுக்குடி எடுக்குறோம்?"

ஜன்னலுக்கு வெளியே கருவேல மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னலோரம் இருந்தவள் தோழி பக்கம் திரும்பினாள்.

"நேத்து இத அம்மாட்டயே சொல்லிட்டேன்."

"வஞ்சாகளா?"

"சிரிச்சாக. 'அந்தப் பிள்ளைக்கு என்னைய மாதிரிப் படுக்க வராது, நானே நடிக்கிறேன். கட்டில வாசப்பக்கம் இழுத்துப் போடு, நீ தள்ளி உக்காந்து ஊட்டு'ன்னாக."

"அப்ப நான்?"

"வாசல்ல வந்து நிக்கிற ஆளு. ஆனா நின்னுட்டுப் போயிரக் கூடாது. உள்ள வந்துரணும்."